அப்பா விட்டுவிட்ட வீடுகள்

எனக்குச் சந்தேகப் புத்தி அதிகம். எண்பதுகளின் தொடக்கத்தில் அது முழுவதும் என் மதினி, அதாவது அண்ணன் மனைவி மேல்தான் இருந்தது.

பக்கவாதத்தில் அப்பாவுக்கு இடது கையும் காலும் விழுந்து மூன்று மாதம். பேச்சு தெளிவு, ஞாபகம் அதைவிடத் தெளிவு. தங்கச்சி கல்யாணத்துக்குத் தெருவில் பத்திரிகை வைக்க வேண்டும். ஒரு வீடு விட்டுப்போனாலும் ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவார்கள்.

"தெப்பக்குளத்துலருந்து வரிசையா வாரேன், எழுதிக்க" என்று அப்பா கண்ணை மூடிக்கொண்டார். மதினி எழுதினாள். பத்து வீடு சொல்லி, "அடுத்து நம்ம வீடு" என்று தாண்டி, பஸ் ஸ்டாப் வரை போய் முடித்தார்.

நான் வாழ்க்கைப்பட்டது அதே தெருவில், எதிர் வரிசையில். அப்பாவுக்குப் பிடிக்காத கல்யாணம். இரண்டு வருஷம் பேசாதவர், படுக்கையில் விழுவதற்குக் கொஞ்சநாள் முன்புதான் எங்கள் வீட்டில் காபி குடித்தார். இப்போது எங்கள் வீட்டைச் சொல்லவேயில்லை.

"எங்க வீட்ட விட்டுட்டீங்களேப்பா?"

"எல்லாத்தையும் சொல்லிட்டேனே."

நடிக்கிறார் என்று நினைத்தேன். மதினி தலை நிமிரவில்லை. காதில் ஓதியது இவள்தான் என்று முடிவுகட்டி, பட்டியலைப் பிடுங்கினேன்.

எங்கள் வரிசையே அதில் இல்லை. அப்பா தினமும் பேப்பர் படித்த தையல்கடையும் இல்லை. தையல்காரர் மேல் என்ன கோபம் இருக்க முடியும்? முந்தின நாள் இலையில் இடது பக்கம் இருந்த பொரியலைத் தொடாமல், "பொரியல் வைக்கலியா?" என்று கேட்டிருந்தார். அதற்கும் நான் மதினியைத்தான் முறைத்திருந்தேன்.

"அப்பா, இப்ப பஸ் ஸ்டாப்புலருந்து வாங்க."

மறுபடி கண்ணை மூடினார். "மொதல்ல தையக்கடை. அப்புறம் வாத்தியார் வீடு. அடுத்து நம்ம மூத்தவ வீடு. அங்க பத்திரிகை மட்டும் பத்தாது, சேலையும் வச்சுக் குடுக்கணும்."

 அவர் நிறுத்தாமல் தெப்பக்குளம் வரை வந்து, "அம்புட்டுத்தான்" என்றார்.

இந்தத் தடவை அப்பா வீட்டு வரிசை முழுவதும் போய்விட்டது. எந்த முனையிலிருந்து வந்தாலும், வாதம் அடித்த அந்த இடது கைப்பக்கம் அவர் மனசுக்குள் தெருவே இல்லை. தான் உட்கார்ந்திருக்கும் வீட்டையே தாண்டிப் போயிருக்கிறார், அது தெரியவும் இல்லை. மதினி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏம்மா, யாரையும் விட்டுட்டேனா?"

"இல்லப்பா. எல்லாரும் வந்துட்டாங்க."