ஆலைச் சங்கும் என் நான்காவது கம்பியும்

குன்னூருக்கு அருகிலுள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் முப்பத்தைந்து ஆண்டுகள் பணியாற்றி, தலைமை எழுத்தராக ஓய்வு பெற்றவன் நான். கோவையில் பொருளாதாரம் படித்துப் பட்டம் பெற்றவன். கல்லூரி மெல்லிசைக் குழுவில் கிட்டார் வாசித்தவன். தோட்டத்துப் பள்ளியில் பாட்டுப் போட்டி என்றால் நடுவர் நாற்காலி எனக்குத்தான். சுருதி பிசகிய பிள்ளைக்கு, அது மேலாளர் வீட்டுப் பிள்ளையாகவே இருந்தாலும், நான் பரிசு கொடுத்ததில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆடி மாதத்தில் இந்த நிகழ்ச்சி நடக்கும்வரை, என் காதைப் பற்றி எனக்கோ ஊருக்கோ சிறு சந்தேகமும் இருந்ததில்லை.

கல்லூரியை விட்டு ஐம்பது ஆண்டுகள் நிறைவதால், எங்கள் வகுப்புத் தோழர்கள் கோவையில் கூடுவதாக ஏற்பாடு. அங்கே ஒலிப்பதற்கென்று நானே ஒரு கிட்டார் இசையை அமைத்தேன். இடையில் இரண்டு விருந்தினர் குரல்கள் வரும். பதிவு, தோட்டத்தை ஒட்டியுள்ள எங்கள் வீட்டிலேயே. கணினி நிறுவன வேலையை வீட்டிலிருந்து பார்க்கும் என் மகள், முன்னறை ஜன்னல்களில் கம்பளிகளைத் தொங்கவிட்டு, மைக்கையும் மடிக்கணினியையும் வைத்து அதை ஒலிப்பதிவுக் கூடமாக்கினாள். தகரக் கூரையில் மழை விழாத இடைவேளைகளில்தான் வேலை நடக்கும். அந்த நேரத்தில் குக்கர் வைக்கக் கூடாது என்று என் மனைவிக்கு உத்தரவிட்டிருந்தேன். ஒருநாள் மழை ஓய்ந்து, நான் கம்பியைத் தொட்டபோது, வேலியோரம் ஒரு காட்டெருமை வந்து நின்று பலமாக மூச்சுவிட்டது.

"குக்கர நிறுத்தியாச்சு. இதுக்கு ஆருங்க உத்தரவு போடறது?" என்றாள் மனைவி, சமையலறையிலிருந்தே.

முதல் குரல், தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் ஒரு பெண்மணியுடையது. மாரியம்மன் திருவிழாவில் அவர் பாடினால் தொழிலாளர் லைன் வீடுகளில் பேச்சு நின்றுவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். நான் நான்காவது கம்பியைத் தட்டியதும் சிரித்துவிட்டார். "ஐயா அந்தக் கம்பியத் தட்டுனாலே எனக்குக் கை கூடையத் தேடுதுங்க" என்றார். பதிவு என்பது விளையாட்டல்ல என்று சற்றுக் கண்டிப்பாகவே சொன்னேன். அதன்பின் என் கிட்டாரோடு இழைந்து, அருமையாகப் பாடிக் கொடுத்தார்.

இரண்டாவது குரல் என் கல்லூரி நண்பருடையது. அந்நாளில் எங்கள் குழுவின் பாடகர்; பின்னாளில் கோவையில் பள்ளி ஆசிரியர். தொண்டையில் அறுவைச் சிகிச்சை நடந்தபின், வீட்டுக்கு வெளியே பாடுவதை விட்டுவிட்டார். நான் வற்புறுத்திய பிறகே சம்மதித்தார். என் வாசிப்பை முதலில் அனுப்பினால் கேட்டுவிட்டுப் பாடுவதாகச் சொன்னார். ரெண்டு கட்டை என்றால் ரெண்டு கட்டைதான், இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது என்று நான் மறுத்துவிட்டேன். தம் சுருதிப்பெட்டியை வைத்துப் பாடி, கைப்பேசியில் அனுப்பினார்.

அதை என் வாசிப்போடு சேர்த்துக் கேட்டால் காது கூசியது. இரண்டும் ஒட்டவே இல்லை. உடனே அவரை அழைத்து, குரல் பிசகியிருக்கிறது, அறுவைச் சிகிச்சைதான் காரணமாயிருக்கும், வருந்த வேண்டாம் என்று பெரிய மனதோடு ஆறுதல் கூறினேன். அந்த ஆறுதலை இன்று நினைத்தாலும் உடல் குறுகுகிறது.

"செரிப்பா. இனிமே பாடல. அந்தக் கூட்டத்துக்கும் நா வரல" என்று சொல்லி வைத்துவிட்டார்.

மகள்தான் முதலில் ஐயப்பட்டாள். சுருதி காட்டும் செயலி ஒன்றைக் கைப்பேசியில் திறந்து, என் கிட்டாரின் அருகே பிடித்தாள். "அப்பா, உங்க கம்பிதானுங்க எறங்கியிருக்குது" என்றாள். கைப்பேசிக்கு என்ன தெரியும் என்றேன். வேறு இரண்டு செயலிகளைத் திறந்தாள். மூன்றும் ஒன்றையே சொல்லின: ஆறு கம்பிகளும் ஏறத்தாழ அரைக்கட்டை கீழே, ஒன்றோடொன்று மிகச் சரியாகச் சேர்ந்து, ஒழுங்காகத் தவறாக இருந்தன.

அன்று ஒரு வரியைத் திரும்பப் பாட வந்திருந்த அந்தப் பெண்மணி, எங்கள் வாதத்தைக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "அன்னைக்கே சொன்னனுங்களே ஐயா. அது ஃபேக்டரி சங்குச் சத்தமுங்க."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வேலையில் சேர்ந்த புதிதில், ஆட்களை வேலைக்கு அழைக்கும் ஆலைச் சங்கு ஏறி நிலைகொள்ளும் ஒலியும் என் நான்காவது கம்பியும் ஒன்றே என்று கண்டுபிடித்து, அதை என் காதின் பெருமையாகப் பலரிடம் சொல்லியிருக்கிறேன். அன்று முதல் ஒவ்வொரு காலையும் சங்கு ஊதும்போது அந்தக் கம்பியை அதனோடு சேர்த்து, மற்றவற்றை அதிலிருந்து சேர்ப்பது என் வழக்கம். சங்கின் மோட்டாருக்கு வயதாகிக்கொண்டிருந்தது. அது ஆண்டுதோறும் இம்மியளவு இறங்கியிருக்கிறது. அதன் கையைப் பிடித்துக்கொண்டு நானும் இறங்கியிருக்கிறேன்.

நண்பரை அழைப்பதற்கு முன் மூன்று முறை தொண்டையைச் செருமிக்கொண்டேன். சுற்றி வளைக்காமல் தவறு என்னுடையது என்று சொல்லி, நடந்ததை விளக்கினேன். மறுமுனையில் இருமலோடு கலந்து பெருஞ்சிரிப்பு.

"ஏம்ப்பா, ஊர் உலகத்துல குருவே கெடைக்கலன்னா சங்கப் புடிச்ச? போயி மொதல்ல அதுக்குச் சுருதி சேத்துட்டு வா."

சுருதி சேர்க்க வேண்டியது எனக்குத்தான், அதற்கு நீங்கள் நேரில் வர வேண்டும் என்றேன். கல்லூரி நாளிலிருந்து அவரை நீ என்றே அழைத்தவன் நான். அன்று 'நீங்கள்' தானாக வந்தது.

அடுத்த ஞாயிறு, கழுத்தில் மப்ளரை மூன்று சுற்றுச் சுற்றிக்கொண்டு, மேட்டுப்பாளையம் வழியாகப் பேருந்தில் ஏறி வந்துவிட்டார். மகள் செயலியைத் திறந்தாள். கைப்பேசியைக் கவிழ்த்து வைக்கச் சொல்லிவிட்டு, நண்பரைச் சுருதி கொடுக்கும்படி கேட்டுக்கொண்டேன். தயங்கினார். பிறகு கண்ணை மூடிச் சுருதி பிடித்தார். அந்தக் குரலைக் கேட்டு நான்காவது கம்பியை முறுக்கினேன்; அதிலிருந்து மற்றவற்றைச் சேர்த்தேன். மகள் கைப்பேசியைத் திருப்பிக் காட்டினாள். முள் நட்டநடுவில் அசையாமல் நின்றது. நான் முழுவதையும் மறுபடி வாசித்துப் பதிந்தேன். பெண்மணியும் புதிய சுருதியில் மீண்டும் பாடினார். இப்போதுதான் வேலைக்கு நேரமாகிவிட்ட நினைப்பு வரவில்லை என்று கேலியும் செய்தார். இம்முறை நான் கண்டிக்கவில்லை.

கோவைக் கூட்டத்தில் அந்தப் பதிவு ஒலித்தபோது, நண்பர் முதல் வரிசையில் அமர்ந்திருந்தார். ஐம்பது ஆண்டுகள் பிறரது சுருதியைத் திருத்திய எனக்கு, என் சுருதியையும் ஒருவர் திருத்த வேண்டியிருந்தது என்பதை அந்தக் குரலைக் கேட்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்.

தொண்டை பழுதான நண்பருக்காக நான் பெருந்தன்மையோடு கிட்டாரின் சுருதியை இறக்கி வாசித்தேன் என்று வகுப்புத் தோழர்கள் சிலர் இன்றும் சொல்லி வருகிறார்கள். அது உண்மையன்று. நான் இறக்கவில்லை, அவர் குரலைக் கேட்டு ஏற்றினேன்.