அண்ணன் இல்லை என்று சொன்ன டார்லா

கென்டக்கி மலைப்பக்கத்தில், பழைய நிலக்கரிச் சுரங்கங்களுக்குக் கீழே ஒரு சின்ன ஊர். அந்த ஊர்ப் பள்ளிக்கூடச் சமையலறையில் டார்லா பெரிய கை. அவள் போட்ட பீன்ஸையும் சோள ரொட்டியையும் தின்று வளர்ந்தவர்கள் இப்போது தங்கள் பிள்ளைகளை அவளிடமே சாப்பிட அனுப்புகிறார்கள். வர்ஜிலுக்கும் ஓபலுக்கும் பிறந்தது இரண்டு. மூத்தவன் டெல்மர், இளையவள் டார்லா. டெல்மர் இருபத்துநாலு வயதில் போய்விட்டான். வர்ஜிலும் போய்ச் சேர்ந்தாயிற்று. மிச்சம் அம்மாவும் மகளும், ஒரே வீட்டில்.

போன வருஷம் வந்த ஒரு காய்ச்சலோடு டார்லாவின் முடியும் கொட்டிப்போய்விட்டது. வேலையில் வலைக்குல்லாய் இருந்தது, மாதா கோவிலுக்குப் போனால் தொப்பி இருந்தது. ஆனால் அக்டோபரில், தனியே இருக்கும் அவள் மகள் ஷெல்பிக்குக் கல்யாணம்.

"மண்டபத்துக்கும் வலை மாட்டிக்கிட்டுப் போயிராதடி, சூப்பு ஊத்த வந்தவன்னு நெனச்சுக்குவாங்க" என்றாள் கூட வேலை செய்யும் ட்ரீவா.

"உன் மொகத்துக்கே ஒரு வலை மாட்டினா நல்லாத்தான் இருக்கும்" என்று டார்லாவும் விடவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் வெகுநேரம் நின்றாள்.

தோல் டாக்டரைப் பார்க்க இரண்டு மணி நேரம் மலை இறங்க வேண்டும், அதற்கும் அரை வருஷம் காத்திருக்க வேண்டும். ஷெல்பிதான் போனிலேயே டாக்டர் பார்ப்பதற்கு ஏற்பாடு செய்தாள். செம்பு கலந்த ஏதோ ஒரு மருந்தாம், தலையில் தடவுவதாம். கடையில் வாங்குகிற சாமான் இல்லை. டாக்டர் சீட்டு எழுதினால்தான், மருந்துக்கடைக்காரர் அந்த ஒரு ஆளுக்கென்று கலக்கித் தருவார். செம்பு என்ற சொல்லைக் கேட்டதுமே டார்லா அம்மாவின் அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். மகளிடம் ஒன்றும் சொல்லவில்லை.

அன்றைக்கு அடுப்படி மேசையில் போனைச் சர்க்கரை டப்பா மேல் சாய்த்து வைத்து உட்கார்ந்தாள். அடுத்த அறையில் ஓபல் பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்தாள். கதவு திறந்தே கிடந்தது. டாக்டர் பிரென்னன் என்று ஒரு பெண், கண்ணாடி போட்டவர், போனில் வந்தார்.

"இப்ப எந்த மாநிலத்துல உக்காந்திருக்கீங்க டார்லா?"

"அடுப்படியில உக்காந்திருக்கேன்."

"அடுப்படி எந்த மாநிலத்துல இருக்கு?"

"கென்டக்கிதான். அது எங்கயும் போகாது டாக்டர்."

அவர் சிரித்துவிட்டார். "கேட்டுத்தான் ஆகணும். எனக்கு இந்த மாநிலத்துல மட்டுந்தான் பாக்க உரிமை இருக்கு." தலையைக் குனியச் சொல்லிப் பார்த்தார், வெளிச்சத்துப் பக்கம் திரும்பச் சொன்னார். "இது அரசாங்கம் சோதிச்சு முத்திரை குத்தின மருந்து இல்ல. முடி வந்தே தீரும்னும் நான் சொல்லமாட்டேன். சம்மதமா?" என்றார். டார்லா தலையாட்டினாள். கடைசியில்தான் அந்தக் கேள்வி வந்தது.

"இதுல செம்பு இருக்கு. உடம்புல செம்பு தங்கிப் போற ஒரு நோய் உண்டு, குடும்பத்துல வரும். ஈரல் கெடும், கை நடுங்கும், பேச்சு குழறும். உங்க வீட்டுல யாருக்காவது? கூடப் பிறந்தவங்களுக்கு?"

அடுத்த அறையில் பீன்ஸ் ஒடிகிற சத்தம் நின்றது போல டார்லாவுக்குத் தோன்றியது.

"கூடப் பிறந்தவங்க யாரும் இல்ல டாக்டர்" என்றாள்.

அப்படியொரு நோய் இல்லை என்று சொல்லியிருந்தால் அது வெறும் பொய். இவள் அண்ணனையே இல்லை என்று சொல்லிவிட்டாள். வாயை விட்டுப் போன பிறகுதான் அவளுக்கே காதில் விழுந்தது.

டெல்மர் கதை இதுதான். அவன் கை நடுங்கத் தொடங்கியபோது குடிக்கிறான் என்றார்கள். நாக்குக் குழறியபோது மாதா கோவில் பெரியவர்கள் கிட்ட வந்து வாயை மோந்து பார்த்தார்கள். அவன் சொட்டுச் சாராயம் தொட்டவனில்லை. கடைசியில் பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் அவன் கண்ணில் விளக்கடித்து, கருவிழியைச் சுற்றிப் பழுப்பாக ஒரு வளையம் இருப்பதைக் காட்டினார். செம்பு என்றார். அதற்குள் ஈரல் போய்விட்டது.

ஓபலுக்குச் செம்பு என்றால் ஒன்றுதான் தெரியும். அவள் மாமியார் வழியில் வந்த அண்டா. இலையுதிர் காலத்தில் முற்றத்தில் தீ மூட்டி, நாள் முழுக்க ஆப்பிளைக் கிண்டி ஜாமாக்குவாள். துடுப்பில் ஒட்டியதை வழித்துத் தின்பவன் டெல்மர். அவனைப் புதைத்த மறுநாள் அவள் கோடாலியை எடுத்து அந்த அண்டாவைப் பிளந்தாள். இழுத்துக்கொண்டு போய்ச் சுரங்கக் குழியில் தள்ளினாள். அக்கம்பக்கத்தார் ஆப்பிள் கிண்டினால் ஜன்னலைச் சாத்திக்கொள்வாள். என் கையாலேயே ஊட்டிக் கொன்றேன் என்று அவள் ஜெபத்தில் சொல்வது சுவருக்கு இந்தப் பக்கம் டார்லாவுக்குக் கேட்கும்.

காரணம் அண்டா இல்லை என்று டார்லாவுக்குத் தெரியும். ஆஸ்பத்திரி நடையில் டாக்டர் சொன்னபோது அப்பாவோடு நின்றவள் அவள்தான். "இது சட்டிபானையால வர்றதில்ல. அப்பா வழி, அம்மா வழி, ரெண்டு ரத்தமும் சேர்ந்தாத்தான் வரும். தங்கச்சியையும் சோதிக்கணும்" என்றார் அவர். வர்ஜிலின் பாட்டியும் ஓபலின் பாட்டியும் கூடப்பிறந்த அக்கா தங்கை. நமக்கு அது சாதாரணம். அந்த மலைக்காரர்களுக்கோ, சொந்தத்தில் கட்டுகிறவர்கள் என்று வெளியூரான் கேலி பேசிப் பேசிப் புண்ணாகிப்போன இடம் அது. வர்ஜில் காரில் வரும்போது, "அம்மாகிட்ட ரத்தங்கித்தம்னு பேசாத, தாங்கமாட்டா" என்றான். சோதனைக்கும் கூட்டிப்போகவில்லை. ஓபல் அண்டாவைப் பிளந்த அன்று அப்பனும் மகளும் வாசலில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தாள் டார்லா. அந்த நாளை வரவேயில்லை.

மருந்து பொட்டலமாக வந்தது, பனிக்கட்டிப் பை வைத்து. குப்பி மேல் டார்லாவின் பெயர் அச்சடித்திருந்தது. உள்ளே நீலமாக ஒரு தண்ணீர். திறக்க மனம் வராமல் முட்டைக்குப் பின்னால் ஒளித்து வைத்தாள்.

அடுத்த ஞாயிறு முட்டை எடுக்கப் போன ஓபல் கையில் குப்பி வந்தது. பூதக்கண்ணாடியை வைத்து எழுத்தெழுத்தாகப் படித்தாள். பிறகு அதை மேசையில் வைத்துவிட்டு இரண்டு கையையும் சோப்புப் போட்டுக் கழுவினாள்.

"இந்த வீட்டுக்குள்ள செம்பா? என்னடி இது?"

"தலைக்கு, அம்மா. டாக்டர் எழுதிக் கொடுத்தது."

"உங்கண்ணன் செத்தது தெரியாதா அந்த டாக்டருக்கு?"

"சொல்லல."

"ஏன் சொல்லல?"

"எனக்கு அண்ணனே இல்லன்னுட்டேன்."

ஓபல் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். திட்டுவாள் என்று பார்த்தால் அவள் குரல் இறங்கித்தான் வந்தது. "என்னாலதானே? நான் அந்த அண்டாவுல அவனுக்கு..."

"அண்டா இல்லம்மா!" டார்லா கத்திவிட்டாள். "அண்டாவே இல்ல. ரத்தத்துல வந்தது. அப்பா ரத்தமும் உன் ரத்தமும் சேர்ந்து. நீ சமைச்சதுல ஒண்ணுமே இல்ல. ஆஸ்பத்திரியிலயே சொன்னாங்க, நான் காதால கேட்டேன்."

"எப்போ?"

"அவன் படுத்திருந்தப்பவே."

"உங்கப்பனுக்கும் தெரியுமா?"

டார்லா தலையாட்டினாள்.

"நான் கோடாலி தூக்குனப்ப நீ வாசல்லதானேடி நின்ன?"

"ஆமாம்மா."

"நான் ராத்திரி ராத்திரியா அழுததும் கேட்டுச்சு."

"கேட்டுச்சு."

"நல்ல புள்ள பெத்தேன்." அவ்வளவுதான் சொன்னாள். எழுந்து போனவள் அறை வாசலில் திரும்பி நின்றாள். "உன்னச் சோதிச்சாங்களா?"

"இல்ல."

"அப்ப அந்தப் பொம்பளைக்குப் போன் போடு. அண்ணன் இருந்தான்னு சொல்லு. பேரையும் சொல்லு."

டாக்டர் பிரென்னன் கோபப்படவில்லை. டார்லாவுக்கு அதுதான் தாங்கவில்லை. "குப்பியத் திறக்காதீங்க. ரத்தம், சிறுநீர், கண்ணு எல்லாத்தையும் பாக்கணும்" என்றவர், "உங்க அண்ணன் பேரு என்ன?" என்று கேட்டார். டெல்மர் என்று டார்லா இரண்டு தடவை சொன்னாள். சோதனையில் நோய் இல்லை என்று வந்தது. ஷெல்பிக்கும் இல்லை. தடவிக்கொள்ளலாம் என்று டாக்டர் அனுமதி கொடுத்தார். காலையில் அம்மா எழுந்திருப்பதற்கு முன்னால், திருடியைப் போலத் தடவிக்கொண்டாள். ஓபல் அதைப் பற்றிக் கேட்கவில்லை. வேறெதுவும் பேசவும் இல்லை. உப்பு வேண்டுமென்றால் மட்டும் "உப்பு" என்பாள்.

மே மாதக் கடைசியில் சொந்தபந்தமெல்லாம் கூடிக் கல்லறைக்குப் பூ வைக்கிற ஞாயிறு வந்தது. மேட்டில் புல்லை வெட்டி, கோழி வறுவலும் உருளைக்கிழங்கும் பரப்பிச் சாப்பிட்டார்கள். மற்றவர்கள் ஏனம் கழுவப் போன பிறகு ஓபல் தனியாக டெல்மர் கல்லறையிடம் போனாள். டார்லா பூவோடு பின்னால் நின்றாள்.

"டேய் டெல்மர்" என்றாள் ஓபல், பக்கத்து அறையில் இருக்கிற பையனைக் கூப்பிடுவது போல. "நான் இல்லயாம்டா. என் சமையல் இல்லயாம்."

கல்லைத் தடவிக்கொண்டே இன்னும் ஏதேதோ சொன்னாள். டார்லா காதில் அது விழவில்லை. இத்தனை வருஷமும் காதில் விழுந்ததை எல்லாம் பேசாமல் வைத்துக்கொண்டவள்தானே.

இறங்கும்போது டார்லா கையை நீட்டினாள். சரிவு அது, புல் ஈரம். ஓபல் அந்தக் கையைப் பார்த்தாள். கம்பை ஊன்றி, பக்கவாட்டில் அடி வைத்துத் தானாகவே இறங்கினாள். டார்லா கையை மடக்காமலே, விழுந்தால் பிடித்துக்கொள்ளலாம் என்று, கடைசி வரைக்கும் பக்கத்திலேயே இறங்கி வந்தாள்.