அம்மா வைத்திருக்கச் சொன்ன விளக்கு

பள்ளி விடுமுறை வந்தாலே என் கணவருக்கு மியூசியப் பைத்தியம் பிடித்துவிடும். பிள்ளைகள் இந்த ஊரின் சரித்திரத்தைத் தெரிந்துகொள்ள வேண்டுமாம். பழைய ரயில் பெட்டி, பழைய தையல் மெஷின், யாரோ ஒரு துரை தேநீர் குடித்த கோப்பை, எதை வேண்டுமானாலும் காட்டட்டும். ஆனால் எங்கள் பழைய வீட்டிலிருந்து பஸ்ஸில் இருபது நிமிடத் தூரத்தில் இருக்கும் அந்த ஒரு மியூசியத்தின் பேச்சை மட்டும் என் முன்னால் எடுக்கக் கூடாது. எடுத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. லண்டனில் ஃபாரஸ்ட் கேட் என்ற பகுதியில் ஒரு கோழிக்கடைக்கு மேலே குடியிருந்தோம். எங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு அந்த மியூசியத்துப் பெண் வந்தாள். சிவப்பு பிரேம் கண்ணாடி, கழுத்தில் மரமணி மாலை, எதைக் கண்டாலும் ஆச்சரியப்படுகிற முகம். இந்தப் பகுதிக்கு முதன்முதலில் வந்து குடியேறியவர்களைப் பற்றி ஒரு கண்காட்சி வைக்கப் போகிறார்களாம். வரும்போது கொண்டுவந்த பொருள் ஏதாவது இருந்தால் தர வேண்டுமாம். எங்கள் ரீச்சர் அந்த மக்களை 'முன்னோடிகள்' என்று மொழிபெயர்த்து நோட்டீஸ் அனுப்பினார். பெற்றோல் அடிக்கும் செட்டில் வேலை முடித்து வந்த அப்பா அதை வாசித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

"சரியாத்தான் எழுதியிருக்கிறா. எல்லாருக்கும் முன்னாலை ஓடி வந்தது நாங்கள்தானே!"

அம்மா சிரிக்கவில்லை. அலுமாரியின் மேல்தட்டிலிருந்து ஜாம் போத்தலை எடுத்தார்.

அது வெறும் போத்தல் இல்லை, விளக்கு. யாழ்ப்பாணத்தில் கரண்டும் இல்லாமல், மண்ணெண்ணெயும் தடைப்பட்டிருந்த யுத்த நாட்களில் வீட்டுக்கு வீடு இப்படி ஒன்று எரிந்தது. போத்தலின் அடியில் பஞ்சு, பஞ்சில் இரண்டு கரண்டி எண்ணெய், சைக்கிள் டியூப்பின் வால்வுக்குள் செருகிய திரி. அம்மா சோதனைக்குப் படிப்பதற்காக அவருடைய ஒரே தம்பி, என் மாமா, செய்துகொடுத்தது. பிறகு ஒருநாள் பேக்கரிக்குப் பாண் வாங்கச் சைக்கிளில் போன மாமா திரும்பி வரவில்லை. 'செத்துப்போனான்' என்று அம்மா ஒருநாளும் சொன்னதில்லை. 'காணேல்லை' என்றுதான் சொல்வார். மாமாவின் போட்டோ ஒன்றுகூட எங்களிடம் கிடையாது. அவருடைய கை பட்டதாக மிஞ்சியது இது ஒன்றுதான். சேலையில் சுற்றி, மூன்று விமானம் மாறி, மடியில் வைத்து லண்டன்வரை கொண்டுவந்திருந்தார்.

"நாலு பேர் பாக்கட்டும். அவன்ர பேரும் எங்கையாவது எழுதியிருக்கட்டும்" என்றார்.

மியூசியப் பெண் வீட்டுக்கு வந்தாள். வழக்கம்போல நான்தான் மொழிபெயர்ப்பாளர். டொக்டரிடம், கவுன்சிலில், காஸ் கம்பனியின் போனில் என்று எல்லா இடத்திலும் எங்கள் வீட்டின் வாய் நான்தான். அதில் எனக்குத் தலைக்கனம் வேறு. ஆனால் அன்றைக்கு ரீவியில் எனக்குப் பிடித்த கார்ட்டூன் போய்க்கொண்டிருந்தது. ஒரு கண் அதில்தான் இருந்தது.

அம்மா தன் தம்பியின் பெயரை, தகப்பன் பெயரோடு சேர்த்து, என்னைக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லவைத்தார். அந்தப் பெண் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாள். எழுதினாளா என்று நான் பார்க்கவில்லை. பிறகு, விளக்கை எடுத்துக்கொண்டு போகலாமா என்று கேட்டாள்.

"ஓம், அவ வைச்சிருக்கட்டும். சொல்லு பிள்ளை" என்றார் அம்மா.

நான் சொன்னேன்: "ஷீ சேய்ஸ் யூ கேன் கீப் இற்."

எங்கள் ஆட்கள் ஊருக்குப் போகும்போது வீட்டுச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்து 'வைச்சிருங்கோ' என்பார்கள். நகையைக் கொடுத்துச் சொல்வார்கள். ஏன், பிள்ளையைக் கொடுத்துக்கூடச் சொல்வார்கள். கேட்கும்போது திருப்பித் தருவது என்பது அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. ஆங்கிலத்தில் 'கீப்' என்று கொடுத்தால் கொடுத்ததுதான். அந்தப் பெண் நெஞ்சில் கையை வைத்து, கண் கலங்கி, அம்மாவைக் கட்டிப்பிடித்தாள். பிறகு பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தாள். விரல் காட்டிய இடத்தில் அம்மா கையெழுத்துப் போட்டார். எனக்கு மியூசியத்தின் படம் போட்ட அழிறப்பர் ஒன்று கிடைத்தது.

கண்காட்சி தொடங்கிய வாரமே அம்மா நல்ல சேலை உடுத்து என்னையும் கூட்டிக்கொண்டு போனார். அப்பாவுக்கு ஷிப்ட். கப்பல்துறைக்காரரின் இரும்புக் கொக்கிகள், நெசவாளர்களின் தறி எல்லாவற்றையும் தாண்டி, கடைசி மூலையில் கண்ணாடிப் பெட்டிக்குள் எங்கள் போத்தல் இருந்தது. கீழே ஒரு சின்ன அட்டை.

"வாசி" என்றார் அம்மா.

வாசித்தேன். கைக்குக் கிடைத்ததை வைத்துச் செய்த விளக்கு. இலங்கை. செய்தவர் யாரென்று தெரியவில்லை.

அம்மாவின் முகம் அப்படிச் சிவந்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"தெரியாதாமோ? வீட்டை வந்து இருந்து, தேத்தண்ணியும் குடிச்சு, பேரையும் கேட்டுட்டுப் போய்த் தெரியாதாமோ? அவவைக் கூப்பிடு. இப்பவே என்ர சாமானைத் தரச் சொல்லு!"

அந்தப் பெண் வந்தாள். பெயர் விடுபட்டதற்கு மன்னிப்புக் கேட்டாள், அச்சில் ஏதோ பிழையாம். ஒரு மனிதனுக்குப் பெயர் இல்லாமல் போவது அவர்களுக்கு அச்சுப் பிழை! விளக்கைத் தர முடியாது, அது இப்போது மியூசியத்தின் சொத்து என்றாள். அம்மா விடவில்லை. கடைசியில் அவள், மிக மிக மரியாதையாக, நேரே அம்மாவைப் பார்த்துச் சொன்னாள்:

"யுவர் டோட்டர் டோல்ட் மீ வீ குட் கீப் இற்."

அம்மா என் பக்கம் திரும்பினார். "என்னவாம்?"

என்ன நடந்துவிட்டது என்று அந்த இடத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது. ஒன்பது வயதுப் பிள்ளைக்குப் பொய் சொல்ல எவ்வளவு நேரம் வேண்டும்?

"நீங்கள் சைன் வைச்சிட்டியளாம் அம்மா. அதாலை தர ஏலாதாம்."

அம்மா என் முகத்தைப் பார்த்தார். பிறகு கைப்பையைத் தோளில் மாட்டினார். "ஓம், நான்தான் பிழை விட்டிட்டன். வா போவம்."

அன்றிலிருந்து அப்பாவுக்குக் கொண்டாட்டம். "கொம்மாட்டைப் பேனையைக் குடாதை, வீட்டையும் எழுதிக் குடுத்திடுவா." விருந்தினர் வந்தாலும் இதே பகிடிதான். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். அதை நினைத்தால் எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருக்கிறது. வளர்ந்தபிறகு மியூசியத்துக்கு மூன்று கடிதம் எழுதினேன். பொருள் பத்திரமாகக் களஞ்சியத்தில் இருக்கிறதாம், கமிட்டி ஆராயுமாம். அவர்களுடைய கமிட்டி!

போன வருடம், அம்மாவும் அப்பாவும் இப்போது இருக்கும் செவன் கிங்ஸ் வீட்டுக்கு நான் போயிருந்தபோது பென்ஷன் படிவம் ஒன்று வந்தது. அப்பா பேனையை எடுத்து ஒளித்துவைத்துக்கொண்டு தன்னுடைய பழைய பகிடியைத் தொடங்கினார். எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ தெரியாது.

"காணும் அப்பா, நிப்பாட்டுங்கோ! அம்மா இல்லை, நான்தான் குடுத்தனான். வைச்சிருக்கட்டும் எண்டதை நான்தான் பிழையாச் சொன்னனான். பேந்து பொய்யும் சொன்னனான்!"

அப்பா ஒளித்த பேனையை எடுத்து மேசையில் வைத்தார். அம்மா ஆய்ந்துகொண்டிருந்த கீரையிலிருந்து தலை நிமிர்த்தவேயில்லை.

"தெரியும். டோட்டர் எண்டால் ஆரெண்டு எனக்குத் தெரியாதே?"

"அப்ப ஏனம்மா அண்டைக்கு என்னை ஏசேல்லை?" என்று நான் கத்தினேன். அவர்மேலும் எனக்குக் கோபம் வந்தது. இத்தனை வருடம் எல்லாருடைய சிரிப்பையும் பேசாமல் வாங்கிக்கொண்டிருந்திருக்கிறாரே!

"தம்பியைத் தேடி ஊரிலை ஒரு ஆமிக் காம்ப் விடாமல் சண்டை பிடிச்சிட்டு வந்தனான். ஒரு போத்தலுக்காக வீட்டிலை இருக்கிற பிள்ளையோடையும் பிடிக்கிறதே?"

அந்தக் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்றபோது, அந்த இடத்தில் இரண்டு மொழியும் விளங்கியவள் நான் ஒருத்திதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.