தெரியாது என்று சொல்லப் பயிற்சி

இந்த ஊரில் யாரிடம் எதைக் கேட்டாலும் கூச்சமே இல்லாமல் "தெரியாது" என்கிறார்கள். பஸ் டிரைவர் சொல்கிறார், பேங்க்கில் உட்கார்ந்திருப்பவர் சொல்கிறார், நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்கிற சர்ஜன்கூட டீயை உறிஞ்சிக்கொண்டே சொல்கிறார். வந்த புதிதில் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நம் அம்பத்தூரில் நின்று வேலப்பன்சாவடிக்கு வழி கேட்டுப் பாருங்கள். தெரிந்தவர் வழி சொல்வார். தெரியாதவர் இன்னும் விவரமாகச் சொல்வார். கடைசியில் நீங்கள் நெமிலிச்சேரியில் போய் நிற்பீர்கள், அது வேறு விஷயம். கேட்டு வந்தவரை வெறுங்கையோடு அனுப்பவில்லை என்ற திருப்தி அவருக்கு.

நானும் அந்த வம்சம்தான். பதினைந்து வருஷத்துக்கு முன்னால் ஆவடி மார்க்கெட் பக்கம் குழந்தை டாக்டர் என்று போர்டு மாட்டி உட்கார்ந்தேன். சேக்காட்டிலிருந்து ஒரு அம்மா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருவார். "ஒடம்பு அனலா கீது சார். உங்க கொயந்தையா இருந்தா இன்னா பண்ணுவீங்களோ அத்தப் பண்ணுங்க" என்பார். எனக்கு அப்போது கல்யாணமே ஆகவில்லை. ஆனாலும் நாலு பிள்ளை பெற்றவன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு பதில் சொல்வேன். "பார்க்கலாம்" என்று ஒரு வார்த்தை இழுத்தால் போதும், பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அடுத்த தெரு டாக்டரிடம் போய்விடுவார்கள். அவருக்கும் தெரியாது, ஆனால் அவர் இழுக்க மாட்டார்.

அப்புறம்தான் இங்கிலாந்தின் வடக்கே இந்தக் குளிரில் வந்து விழுந்தேன். இளம் குழந்தை மருத்துவர்களை ஆராய்ச்சியாளர்களாக மாற்றும் பயிற்சி என்று பெரிய பெயர். வைத்தியம் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருப்பவனைப் பிடித்து, உனக்கு ஒரு மண்ணும் தெரியாது என்று மரியாதையாகப் புரியவைப்பதுதான் அது. முதல் நாள் பேராசிரியர் என்னைப் பார்த்து, "உங்கள் கேள்வி என்ன?" என்றார். எதை ஆராயப்போகிறாய் என்று கேட்கிறார். நானோ எழுந்து நின்று, "கேள்வி எதுவும் இல்லை சார், எல்லாம் புரிந்தது" என்றேன். பெரிய நகைச்சுவைக்காரன் என்று அன்றைக்கே பெயர் வாங்கிவிட்டேன்.

இப்போது அதே பயிற்சியை நடத்துகிறவன் நான். இரண்டு வைத்தியத்தில் எது நல்லது என்று தெரியாது, சீட்டுக் குலுக்குகிற மாதிரி கம்ப்யூட்டர் ஒன்றை எடுத்துக் கொடுக்கும் என்று பெற்றோரிடம் எப்படிச் சொல்வது என்பது என் பாடம். உங்கள் குழந்தையாக இருந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்பார்கள், அதற்கு மட்டும் பதில் சொல்லவே கூடாது, புருவம்கூட ஒரு பக்கம் சாயக் கூடாது என்பேன். வகுப்பில் அம்மா வேஷம் எனக்குத்தான். நன்றாக அழுவேன். என் மாணவர்களில் கெட்டிக்காரி ஹெலன் என்ற இந்த ஊர்ப் பெண். எவ்வளவு அழுதாலும் அசைய மாட்டாள்.

போன குளிர்காலத்தில் என் மகளுக்கு நிமோனியா வந்தது. மூச்சு இழுத்தது. எங்கள் ஆஸ்பத்திரியிலேயே சேர்த்தோம். மத்தியானம் ஹெலன் கட்டிலருகே வந்து நின்றாள். அவள் ஆராய்ச்சி நிமோனியாவில்தான்: ஊசி வழியாக மருந்தா, வாய் வழியாக மருந்தா என்பது. "ஆராய்ச்சியில் சேரச் சம்மதமா என்று யாரையும் விடாமல் கேட்கவேண்டும் என்று நீங்கள்தானே சொல்லிக்கொடுத்தீர்கள்" என்று ஆரம்பித்தாள். நான் எழுதிக்கொடுத்த வாக்கியங்கள், நான் நிறுத்தச் சொன்ன இடத்தில் நிறுத்தி, ஒன்று குறையாமல் சொன்னாள்.

என் மனைவி வசந்தி ஆவடி குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். "என்னங்க, நம்ம புள்ளைக்குச் சீட்டுக் குலுக்கவா?" என்றாள்.

"எது நல்லதுன்னு யாருக்கும் தெரியாதும்மா. அதான்."

"டாக்டர கேக்கல. அவ அப்பாவ கேக்குறேன்."

மகளின் விலா உள்ளே போய்ப் போய் வந்தது. நான் ஹெலன் பக்கம் திரும்பினேன். "இது உன் குழந்தையாக இருந்தால் என்ன செய்வாய்?" என்று கேட்டேன். கேட்டே விட்டேன்.

"மன்னிக்கவேண்டும். அதற்கு நான் பதில் சொல்லக் கூடாது" என்றாள். புருவம் சாயவில்லை. இவ்வளவு நன்றாக யாருக்கும் நான் பாடம் நடத்தியதில்லை. பெருமையாகவும் இருந்தது, கன்னத்தில் ஒன்று விடலாம் போலவும் இருந்தது.

வசந்தி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தமிழில் சொன்னேன்: "எது விழுந்தாலும் சரியாப் போயிடும். எனக்குத் தெரியும்." அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது, தலையாட்டினாள். "யாருக்கும் தெரியாது என்பதை விளக்கினீர்களா?" என்று ஹெலன் கேட்டாள். விளக்கினேன் என்று ஆங்கிலத்தில் சொல்லி, சம்மதப் படிவத்தில் கையெழுத்தும் போட்டேன். "உங்கள் மனைவி எவ்வளவு தெளிவாகிவிட்டார் பாருங்கள். இதை அடுத்த வகுப்பில் எங்களுக்கும் சொல்லிக்கொடுங்கள்" என்றாள், மனதாரத்தான்.

சீட்டில் வாய் வழி மருந்து விழுந்தது. மகள் தேறி இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். அதனால்தான் தேறினாளா என்று கேட்காதீர்கள், ஆராய்ச்சி இன்னும் முடியவில்லை. ஆனால் அன்றைக்கு இதெல்லாம் யார் கண்டது? ஹெலன் போனதும் வசந்தி கேட்டாள்.

"பொய்தானே சொன்னீங்க?"

"ஆமா."

"பரவாயில்ல. இன்னொரு தடவ சொல்லுங்க."