நிறுத்தச் சொல்லாத மாத்திரை

பல் துலக்கும்போது மறுபடியும் ரத்தம் வந்தது. கிரேன்காரர் அவசரமாக வாயைக் கொப்பளித்துவிட்டு வாஷ்பேசினைக் கையாலேயே தேய்த்துக் கழுவினார். மனைவி பார்த்துவிடக் கூடாது. நான்கு நாட்களாக இதே கதை.

கட்டடம் கட்டும் இடத்தில் அவருக்கு 'மேல்மாடி' என்று பெயர். இருபத்திரண்டு வருடமாக எல்லோருக்கும் மேலே ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார்ந்து, கம்பிக் கட்டுகளைத் தூக்கி இறக்குகிறார். "மேல்மாடி காலியா இருக்கா?" என்று கீழேயிருந்து வாக்கிடாக்கியில் சீண்டுவார்கள். "உன்னோடத மொதல்ல தட்டிப் பாரு" என்பார் இவர்.

இரண்டு மாதங்களுக்கு முன் கெண்டைக்காலில் ரத்தம் கட்டி வீங்கியது. தெருமுனை கிளினிக்கில் ரத்தத்தை இளக்க மாத்திரை கொடுத்தார்கள். ஒன்றரை மாதமாகியும் வீக்கம் வடியாததால் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார். வாசல்வரை கூட்டம். டாக்டரம்மா காலை அமுக்கிப் பார்த்துச் சீட்டு எழுதினார்.

"காலைல சாப்பிட்டதும் ஒண்ணு. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது டாக்டர்."

அடுத்த நோயாளி அதற்குள் நாற்காலியின் முதுகைப் பிடித்துவிட்டார். வேறு மருந்து சாப்பிடுகிறீர்களா என்று டாக்டர் கேட்கவில்லை. இவரும் வாயைத் திறக்கவில்லை. கிரேன் ஏணி ஏறக் கூடாது என்று சொல்லிவிடுவாரோ என்ற பயத்தில், அதற்கு முன் வெளியே வந்துவிட்டால் போதும் என்றிருந்தது.

பிறகு தொடையில் ஊதா நிறத் திட்டுகள் வந்தன. எங்கேயோ இடித்திருப்போம் என்று தனக்கே சொல்லிக்கொண்டார். ஒரு நாள் காலையில் மனைவி தலையணை உறையை உயர்த்திப் பிடித்தபடி வந்து நின்றார். உள்ளங்கை அகலத்துக்கு ரத்தக்கறை.

"இது என்னங்க?"

"ஈறுல லேசா..."

"லேசாவா? சட்டையப் போடுங்க."

வீட்டிலிருந்த மாத்திரைகள் அத்தனையையும் மனைவி ஒரு துணிப்பையில் அள்ளிக்கொண்டார்.

பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ் பையை மேசைமேல் கவிழ்த்தார். ஐம்பது வயதிருக்கும், வேகமான கைகள். இரண்டு அட்டைகளைத் தனியே நகர்த்தினார்.

"இது எப்ப சாப்பிடுறீங்க?"

"ராத்திரி. கிளினிக்ல குடுத்தது."

"இது?"

"காலைல. இங்க குடுத்தது."

நர்ஸ் இரண்டு அட்டைகளின் பின்பக்கத்தையும் திருப்பிப் படித்தார். "ரெண்டும் ஒரே மருந்துண்ணே."

"பேரு வேறயா இருக்கே?"

"கம்பெனி வேற, மருந்து ஒண்ணு. எத்தன நாளா ரெண்டையும் சேத்து முழுங்குறீங்க?"

"பதினேழு நாளா."

"புதுசு வந்ததும் பழச நிறுத்தியிருக்கணுமே!"

"நிறுத்துன்னு யாரும் சொல்லலியே."

அவர் சாக்குச் சொல்லவில்லை. கீழே நிற்பவர் 'இறக்கு' என்றால் இறக்க வேண்டும். 'நிறுத்து' என்று கேட்கும்வரை இறக்கிக்கொண்டே இருக்க வேண்டும். பாதியில் தானாக யோசித்து நிறுத்துகிறவனைக் கிரேனில் வைத்திருக்க மாட்டார்கள். அந்த ஒழுங்கோடுதான் இரண்டு மாத்திரைகளையும் ஒரு வேளைகூடத் தவறாமல் விழுங்கியிருக்கிறார்.

நர்ஸ் ரத்தம் எடுத்தார். "தலைவலி இருக்கா?"

இருந்தது. முந்தாநாளிலிருந்து வலது நெற்றிக்குள் யாரோ கட்டைவிரலால் அழுத்துவதுபோல. ஆமாம் என்றால் கதை முடிந்தது, இனி மேலே ஏற விடமாட்டார்கள். அந்தப் பெட்டியை விட்டால் வேறு எந்த வேலையும் தெரியாது.

"இல்ல."

நர்ஸ் எழுதாமல் பேனாவை மூடி வைத்தார். ஸ்டூலை இழுத்து எதிரே உட்கார்ந்தார்.

"ரத்தம் ரொம்ப இளகிப்போனா தலைக்குள்ளயும் கசியும். வெளிய தெரியாது. நீங்க வாயத் தொறந்து சொன்னாத்தான் எனக்குத் தெரியும். இன்னொரு தடவ கேக்குறேன்."

மனைவியின் பக்கம் திரும்பாமல் சொன்னார். "ரெண்டு நாளா இருக்கு."

"அடப்பாவி மனுஷா!" என்றார் மனைவி.

அதன்பின் எல்லாம் ஓட்டம். ஊசி, தள்ளுவண்டி, குளிரடிக்கும் ஸ்கேன் அறை. அசையாமல் படுக்கச் சொன்னார்கள். அசைந்தால் உள்ளே ஏதாவது உடைந்துவிடும் என்று நினைத்து மூச்சைக்கூடப் பிடித்துக்கொண்டார். வார்டில் படுத்து முடிவுக்குக் காத்திருந்த ஒரு மணி நேரமும் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டி, இன்னும் வேலை செய்கின்றனவா என்று பார்த்துக்கொண்டேயிருந்தார். மனைவி அதைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அதே டாக்டரம்மா வந்தார். இந்த முறை கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"மூளைக்கு மேல கொஞ்சம் ரத்தம் கசிஞ்சிருக்கு. சின்னதுதான். ஊசி போட்டிருக்கோம். நாளைக்கு மறுபடியும் ஸ்கேன் எடுத்துப் பாக்கணும்."

"தலைவலின்னு சொல்லாம வீட்டுக்குப் போயிருந்தா?" என்று கேட்டார் கிரேன்காரர்.

"இந்த வாரத்துக்குள்ள மயங்கி விழுந்திருப்பீங்க. ஒருவேளை உங்க வீட்டம்மா சொன்ன அந்த கிரேன் ஏணியிலயே." பிறகு டாக்டர், "வேற என்ன சாப்பிடுறீங்கன்னு அன்னிக்கு நான் கேட்டிருக்கணும். கேக்கல" என்றார்.

பதினேழு நாளாக விழுங்கி வைத்திருந்த கேள்வியைக் கிரேன்காரர் கடைசியில் கேட்டுவிட்டார்.

"மறுபடி மேல ஏற முடியுமா டாக்டர்?"

"தெரியல. சத்தியமா இப்ப தெரியல."

"தெரிஞ்சதும் நீங்களே வந்து சொல்லணும். சீட்டுல எழுதி யார்கிட்டயாவது குடுத்து அனுப்பக் கூடாது."

"நானே வர்றேன்."

டாக்டர் எழுந்து போனார். கிரேன்காரர் மனைவியின் கையைத் தேடிப் பிடித்தார். தலைவலி இன்னும் விடவில்லை. இந்தத் தடவை யாரும் கேட்கும் முன்பே அதை மனைவியிடம் அவரே சொன்னார்.