பைக்குக் கழுத்து கிடையாது

கொழும்புப் பக்கத்தில் ஒரு கார்மெண்ட் தொழிற்சாலையில் ஆறு வருடம் வேலை செய்துவிட்டு, கல்யாணமாகி மஸ்கெலியாவுக்கு மேலே உள்ள இந்தத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தேன். வந்த அன்றே என்னைப் பற்றி ஒரு பொய், தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும் எங்கள் லயம் முழுக்கப் பரவியிருந்தது. அந்தப் பொய்யை நான் சொல்லவில்லை. ஆனால் மறுக்கவும் இல்லை.

"எங்க மருமக கார்மெண்ட்ல இருந்தவ. எதக் குடுத்தாலும் தச்சிருவா" என்று மாமி, அதாவது என் கணவரின் அம்மா, பெண் பார்த்துவிட்டுப் போன நாளிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்.

உண்மை என்னவென்றால், அந்த ஆறு வருடமும் நான் தைத்தது ஒன்றே ஒன்றுதான். சட்டையின் இடது கை. கட்டுக் கட்டாகச் சட்டைகள் வரும். இடது கையை வைத்து ஓட்டிவிட்டுப் பக்கத்தில் தள்ளுவேன். வலது கையை வைத்தவள் வலப்பனையிலிருந்து வந்த ஒரு சிங்களப் பெண். கழுத்து எப்படி வந்தது, பொத்தான் எங்கே ஏறியது என்று எனக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. நூல் அறுந்தால் கையைத் தூக்குவோம். மெக்கானிக் வந்து கோர்த்துவிட்டுப் போவார்.

அங்கே இருந்தபோது இது ஒரு குறையாகவே தெரியவில்லை. கை வைப்பதில் நான் கெட்டிக்காரி. புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளை சூப்பர்வைசர் என் பக்கத்தில் நிறுத்தி, நான் தைப்பதைப் பார்க்கச் சொல்வார். ஆறு வருடம் பாராட்டு வாங்கினால் யாருக்கும் தலை கொஞ்சம் கனக்கத்தான் செய்யும். அதனால் மாமி பெருமை பேசியபோதெல்லாம் நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். எல்லாரும் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

கல்யாணமாகி மூன்றாவது மாதம் என் கணவர் ஹட்டனிலிருந்து காலால் மிதித்து ஓட்டுகிற ஒரு பழைய தையல் மெஷினை லொறியில் கொண்டுவந்து இறக்கினார். அவர் தோட்டத்து ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், அரைக்கும் இடத்தில் வேலை செய்கிறவர். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்குச் சந்தோஷமான அதிர்ச்சியாக இருக்க வேண்டுமாம். அதிர்ச்சி மட்டும் சரியாக வந்தது. மாமி மெஷினுக்கு மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்தார். லயத்தில் பாதிப் பேர் எங்கள் ஒற்றை அறைக் காம்பரா வாசலில் நின்றார்கள்.

"ஒரு தையல் போட்டுக் காட்டு தங்கச்சி" என்றார் பக்கத்துக் காம்பரா அக்கா. கொழுந்து எடுக்கிறவர். நாற்பத்தைந்து வயதிருக்கும். எதையும் நேரடியாகக் கேட்டுவிடுகிற ஆள். கையோடு ஒரு பாவாடையும் கொண்டுவந்திருந்தார்.

தொழிற்சாலை மெஷினில் காலை லேசாக வைத்தாலே மோட்டார் ஓடும். இங்கே காலை வைத்தேன், ஒன்றும் நடக்கவில்லை. ஓங்கி மிதித்தேன். சக்கரம் பின்பக்கமாகச் சுற்றி நூல் அறுந்தது. யாரோ நூலைக் கோர்த்துக் கொடுத்தார்கள். மறுபடி மிதித்தேன். மறுபடி அறுந்தது.

"அங்க எல்லாம் கரண்டு மெஷினுங்க. இது ரொம்பப் பழசா இருக்கு" என்றேன்.

கூட்டம் முழுக்க என் கணவரைத் திரும்பிப் பார்த்தது. அவர் ஏமாந்துபோன ஆளைப் போலச் சக்கரத்தைத் தடவிக்கொண்டிருந்தார். அன்றைக்கு அவர் பக்கம் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். பேசவில்லை.

மறுநாள் எல்லாரும் பெரட்டில் பேர் கொடுத்து வேலைக்குப் போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டு மெஷினோடு மல்லுக்கட்டினேன். மதியத்துக்குள் சக்கரத்தை முன்பக்கம் ஓட்டப் பழகிவிட்டேன். ஒரு பழைய படுக்கை விரிப்பில் நீளமாக நாலு தையல் ஓட்டினேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. துணியைக் கையில் எடுத்ததும் நாலு தையலும் நூலாகவே உருவிக்கொண்டு வந்துவிட்டன. ஊசிக்குக் கீழே பாபின் என்று ஒரு சின்ன உருளை இருக்கும், அதிலும் நூல் சுற்ற வேண்டும் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நான் ஓட்டிய ஓவர்லொக் மெஷினில் பாபினே கிடையாது. ஆறு வருடம் தையல் வேலை செய்தவள் பாபினை முதன்முதலாகப் பார்த்து, இது கழன்று விழுந்த ஏதோ சாமான் என்று எண்ணெய்ப் போத்தலுக்குப் பக்கத்தில் எடுத்து வைத்திருக்கிறாள்.

பை தைக்கலாம் என்று முடிவெடுத்தது அந்த வாரம்தான். பெரிய யோசனை ஒன்றும் இல்லை. பைக்குக் கழுத்து கிடையாது, இடுப்பு கிடையாது, அளவெடுக்க உடம்பே கிடையாது. இறுக்கமாக இருக்கிறது என்று பை சொல்லப்போவதில்லை.

முதல் பையைப் படுக்கை விரிப்பில் வெட்டி நாலு பக்கமும் உறுதியாகத் தைத்தேன். மாமி அதை வாங்கி அப்படியும் இப்படியும் திருப்பினார்.

"இதுக்கு வாய் எங்க?"

"இது பை இல்ல மாமி, தலகாணி" என்றேன்.

"அப்ப பஞ்ச எந்த வழியா வைக்கிறது?"

இரண்டாவது பைக்கு வாய் இருந்தது. ஆனால் ஒரு பிடி நீளமாகவும் ஒரு பிடி குட்டையாகவும் வந்ததில் தோளில் மாட்டினால் பை ஒரு பக்கமாகச் சாய்ந்து பார்த்தது. ஏழாவது எட்டாவதுக்குப் பிறகுதான் பை பை மாதிரி ஆனது. பழைய திரைச்சீலை, கிழிந்த சேலை, கோதுமை மாச் சாக்கு என்று கிடைத்ததையெல்லாம் தைத்தேன். மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகிற பெண்கள் ரொட்டியும் தேத்தண்ணிப் போத்தலும் வைத்துக்கொள்ள வாங்கிப் போனார்கள். மஸ்கெலியாக் கடைகளில் சிலிசிலி என்கிற பிளாஸ்டிக் பைக்குத் தனியாகக் காசு கேட்க ஆரம்பித்ததும் துணிப்பை கேட்டு அடுத்த லயத்திலிருந்தும் ஆள் வந்தது. யாராவது ஜாக்கெட், பாவாடை என்று பேச்செடுத்தால், "பை வேலை நிறைய இருக்குங்க" என்பேன். நாளடைவில் அதை நானே நம்பிவிட்டேன்.

அப்படி நிம்மதியாக இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்துக் காம்பரா அக்கா வந்தார். அவருடைய தங்கச்சி மகளுக்குக் கினிகத்தேனையில் கல்யாணம். கத்தரிப்பூ நிறத்தில் சரிகை போட்ட சேலை எடுத்திருந்தார். அதோடு வந்த ஜாக்கெட் துணியையும், அளவுக்கு ஒரு பழைய ஜாக்கெட்டையும் என் மடியில் வைத்தார்.

நான் வாயைத் திறப்பதற்குள் மாமி முந்திக்கொண்டார். "அதுக்கென்னா, இவளுக்கு அர நாள் வேல."

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். அக்காவும் மாமியும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "புதன்கிழமை வாங்கிக்கங்க அக்கா" என்று சொன்னது என் வாய்தான்.

பழைய ஜாக்கெட்டைத் துணியின்மேல் விரித்து, அதை ஒட்டியே சுற்றி வெட்டினேன். கைக்கும் அப்படியே, ஒன்று வெட்டிவிட்டு அதே மாதிரி இன்னொன்று. தோளை ஒருவழியாக இணைத்து இடது கையை வைத்தேன். அது உட்கார்ந்த அழகை என்ன சொல்வது. ஒரு சுருக்கம் இல்லை. தள்ளி நின்று கொஞ்ச நேரம் பார்த்தேன். அக்கா இதைப் போட்டுக்கொண்டு கல்யாணத்தில் நிற்பது போலவும், யார் தைத்தது என்று எல்லாரும் கேட்பது போலவும் மனதுக்குள் ஒரு படமே ஓடியது.

பிறகு அடுத்த கையை எடுத்தேன். அது வலப்பக்கம் பொருந்த மாட்டேன் என்றது. துணியை மடித்து இரண்டையும் ஒன்றாக வெட்டியிருந்தால் ஒன்று இடதாகவும் ஒன்று வலதாகவும் வந்திருக்கும். ஒவ்வொன்றாக வெட்டியதில் இரண்டுமே இடது கையாக வந்திருந்தன. அது போதாதென்று, தையலுக்குள் போக ஒரு விரல் அளவு துணி விட்டு வெட்ட வேண்டும் என்பதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. எல்லாம் தைத்து முடித்தால் அந்த ஜாக்கெட் அக்காவுக்கு இல்லை, அவருடைய பத்து வயது மகளுக்குத்தான் ஏறும்.

புதன்கிழமை வந்தது. எங்கள் லயத்துப் பீலிக் குழாயில் தண்ணீர் பிடிக்கப் போனால் அக்கா இருப்பார் என்று, கீழ் லயத்துப் பைப்புக்குப் போய்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு மூச்சு வாங்க ஏறி வந்தேன். வியாழக்கிழமை தலைவலி என்று படுத்துக்கொண்டேன். வெள்ளிக்கிழமை வெட்டிய துண்டுகளைப் பைக்குள் போட்டுக்கொண்டு ஹட்டனுக்கு பஸ் ஏறினேன்.

அதே துணி கிடைத்தால் வாங்கிவிடலாம் என்று நாலு புடவைக்கடை ஏறி இறங்கினேன். கத்தரிப்பூ நிறத்தில் எத்தனையோ இருந்தன, அந்த நிறம் மட்டும் இல்லை. கடைசியில் ஒரு சந்துக்குள் தையல் கடை வைத்திருந்த அம்மாவிடம் போய்த் துண்டுகளை மேசையில் பரப்பினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார்.

"யாரும்மா வெட்டுனது?"

"எங்க லயத்துல ஒரு ஆள்" என்றேன்.

"இந்தக் கைய வச்சிருக்கறது நல்லா இருக்கு. மத்தது ஒண்ணும் சரியில்ல. இனிமே அந்த ஆள்கிட்ட துணி குடுக்காதீங்க."

"குடுக்க மாட்டேங்க" என்றேன்.

"இதுல ஜாக்கெட் வராது. வேணும்னா ஒரு சின்னப் பை தைக்கலாம்" என்றார். அந்த யோசனையைக் கேட்கவா ஹட்டன் வரைக்கும் போனேன் என்று திரும்பி வரும்போது பஸ்ஸில் நினைத்துக்கொண்டேன்.

அன்று பின்னேரம் அக்கா வேலை விட்டு வந்து, வாசல் கல்லில் உட்கார்ந்து காலில் அட்டை கடித்த இடத்தில் சவர்க்காரம் தேய்த்துக்கொண்டிருந்தார். துண்டுகளை அவர் பக்கத்தில் வைத்தேன்.

"கெடுத்துட்டேன் அக்கா. எனக்கு ஜாக்கெட் தைக்கத் தெரியாது."

அவர் ஒவ்வொரு துண்டாக எடுத்துப் பார்த்தார். முகத்தில் கோபம் ஏறுவதைப் பார்த்தேன்.

"அப்ப ஆறு வருசம் அங்க என்னா பண்ணுன?"

"இடது கை வச்சேன்."

"வேற?"

"அது மட்டுந்தான்."

அக்கா காலைத் துடைத்தார். "நான் இருவத்தஞ்சு வருசமா கொழுந்து எடுக்கிறேன். அத எப்படித் தூளாக்குறாங்கன்னு கேட்டா எனக்குத் தெரியாது" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் நிறுத்தவில்லை. "ஆனா தெரியும்னு சொல்லி யாரோட கொழுந்தயும் நான் வாங்கி வச்சுக்கல. இத உங்க மாமிகிட்ட நீயே போய்ச் சொல்லு. நான் சொன்னா சண்டையாயிரும்."

சொன்னேன். மாமி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அவருக்குக் கோபம் ஜாக்கெட்டுக்காக இல்லை, பெண் பார்த்த நாளிலிருந்து இதுவரை எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறோம் என்று மனதுக்குள் கணக்குப் பார்த்ததில் வந்த கோபம். என் கணவர் மட்டும், "அப்ப மெஷின்ல ஒரு கோளாறும் இல்லையா?" என்று கேட்டார். இல்லை என்றேன். மூன்று மாதமாக ஒவ்வொரு ஞாயிறும் அதற்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தவர் அவர். எண்ணெய்ப் போத்தலை எடுத்து மூலையில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். அதுதான் எனக்கு அதிகம் உறைத்தது.

மிச்சத் துணியில் அக்காவுக்கு ஒரு சின்னக் கைப்பை தைத்தேன். சரிகை வாய் ஓரத்தில் வரும்படி வைத்து, உள்ளே பழைய வேட்டித் துணி கொடுத்து, இரண்டு தடவை பிரித்துத் தைத்தேன். அக்கா நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை. ஆனால் கல்யாணத்துக்குக் கொண்டுவந்தார். லயத்துக்காரர்கள் எல்லாரும் ஒரே வேனில் போனோம். அவர் கட்டியிருந்தது அந்தக் கத்தரிப்பூச் சேலை, போட்டிருந்தது ஒரு பழைய கறுப்பு ஜாக்கெட்.

மண்டபத்தில் பந்திக்குக் காத்திருந்தபோது மாப்பிள்ளை வீட்டுப் பெண் ஒருத்தி பையைத் தொட்டுப் பார்த்தாள். "சேலைக்கு ஏத்த மாதிரியே இருக்கே. யாரு தச்சாங்க?"

"இந்தா நிக்கிறா, எங்க லயத்துப் புள்ளதான்" என்றார் அக்கா. "ஜாக்கெட்டும் அவதான் தச்சா. அதான் நான் பழசப் போட்டுக்கிட்டு வந்திருக்கேன்."

சுற்றி நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேறு என்ன செய்வது. அந்தப் பெண்ணும் இன்னொருத்தியும் சேலைத் துண்டு அனுப்பினால் பை தைத்துத் தருவேனா என்று கேட்டார்கள். "பை மட்டுந்தாங்க" என்றேன். அதைச் சொல்ல அவ்வளவு லேசாக இருந்தது.

இப்போது பை மட்டும்தான் தைக்கிறேன். யாரிடமும் ஒளிக்கவில்லை. அதற்காக நான் பெரிய பை நிபுணி ஆகிவிட்டேன் என்றும் சொல்ல முடியாது. போன மாதம் மஸ்கெலியா பஸ் நிலையத்தில் ஒரு பெரியவர் முன்னால் நடந்து போய்க்கொண்டிருந்தார். அவர் தோளில் தொங்கியது நீலப் பூப்போட்ட பை. என் தையல் எங்கே இருந்தாலும் எனக்குத் தெரியும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு பிடி கழன்றது. உருளைக்கிழங்கு முழுக்கச் சரிவில் உருண்டு ஓடியது.

முதலில் நான் செய்தது, பஸ் வருகிறதா என்று மறுபக்கம் திரும்பிப் பார்த்ததுதான். பிறகு வெட்கமாகிப் போய் ஓடிக் கிழங்கைப் பொறுக்கினேன். கடைக்குக் கொடுக்கக் கொண்டுவந்த புதுப் பைகளில் ஒன்றை எடுத்து, அதில் போட்டுக் கொடுத்தேன். பிடி கழன்றது என் குற்றம்தான், அதை நான்தான் தைத்தேன் என்றும் சொன்னேன்.

பெரியவர் புதுப் பையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இதுவும் நீங்க தச்சதுதானா அம்மா?"

"ஆமாங்க."

"ரொம்ப நன்றி" என்று சொல்லி, பிடியைத் தொடாமல், பையைக் குழந்தையைத் தூக்குவதுபோல இரண்டு கையாலும் மார்போடு அணைத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறிப் போனார்.