நாலு ஓம் ஸ்பீக்கர் இரண்டு

2003 வைகாசியில் தம்பி மஞ்சள் காமாலையில் இறந்தான். பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகும் ஒன்றரை மாதம் அவனுடைய பைக் எங்கள் சிம்மக்கல் வீட்டு நடையில் துணி மூடி நின்றது. ஆடியில் இரண்டாவது திங்கட்கிழமை அதை வெளியே எடுத்தேன். ஏன் அன்றைக்கு என்று டைரியில் இல்லை. 'பைக். பேட்டரி சார்ஜ் போட்டது' என்று மட்டும் இருக்கிறது. அந்த மாதங்களில் நான் எழுதியதெல்லாம் அப்படித்தான். நாள், செய்த காரியம், முற்றுப்புள்ளி.

எனக்கு ஒத்தக்கடையில் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை. அதுவரை டவுன் பஸ்ஸில் போய் வந்தேன். தம்பி அதே ரோட்டில் ஒரு டைல்ஸ் கடையில் இருந்தான். அவன் பைக்கில் பெட்ரோல் டேங்குக்கு மேல் ஒரு கார் ஸ்டீரியோ, பின்சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் பெட்டிகளில் இரண்டு ஸ்பீக்கர். எல்லாம் அவனே பூட்டியது. சாயங்காலம் ஏழு மணிவாக்கில் மாவு மில் முனையில் திரும்பும்போதே வீட்டுக்குக் கேட்டுவிடும். என்ன பாட்டு என்று புரியாது. கரகரவென்று ஓர் இரைச்சல், அதற்கடியில் தடதடப்பு, அவ்வளவுதான். அதைக் கேட்டதும் அம்மா அடுப்பைப் பற்றவைத்துத் தோசைக்கல்லைப் போடுவாள். அவன் வண்டியை நிறுத்திக் கால் கழுவி வருவதற்குள் முதல் தோசை தட்டில் விழும். நான் ஆறரைக்கே வந்து உட்கார்ந்திருந்தாலும் அவன் சத்தத்துக்குத்தான் கல் ஏறும்.

அவன் போன பிறகு ராத்திரிக்கு அடுப்பு பற்றவைப்பது நின்றது. மதியம் வடித்த சோற்றில் மோர் ஊற்றி நான் சாப்பிட்டேன். அம்மா சாப்பிடவில்லை. கேட்டால் "பசிக்கல" என்பாள். அவள் ரவிக்கை தோளில் தொளதொளவென்று தொங்க ஆரம்பித்திருந்தது. நான் அதைக் கவனித்தேன். கவனித்ததற்கு மேல் ஒன்றும் செய்யவில்லை.

வண்டியை எடுத்த அன்று அம்மா நடைக்கு வந்தாள்.

"அந்தப் பாட்டுப் பொட்டியையும் போட்டுட்டு வா. அவன் வாரப்ப கேக்குமே, அது மாதிரி."

அவள் என்னிடம் எதையாவது கேட்டு இரண்டு மாதமாகியிருந்தது. பெட்டியைப் போட்டுப் பார்த்தேன். பாடவில்லை. நின்றிருந்த நாட்களில் எலி ஒயரைக் கடித்திருந்தது.

சனிக்கிழமை அரை நாள் வேலை. அதற்குள் எங்கள் நூலகத்திலிருந்த இரண்டு எலக்ட்ரானிக்ஸ் புத்தகங்களைப் படித்து முடித்தேன். மின்தடை அளக்கும் ஒரு மீட்டரும் இரவல் வாங்கிக்கொண்டு கோரிப்பாளையத்தில் கார் ஸ்டீரியோ பூட்டும் பாய் கடைக்குப் போனேன். அவருக்குத் தம்பியைத் தெரியும்.

"கேள்விப்பட்டேண்ணே. ஊர்ல இல்ல, மௌத்துக்கு வர முடியல" என்றார். கொஞ்ச நேரம் ஸ்க்ரூ டிரைவரைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

"இந்தா பாருங்க. நாலு ஓம் ஸ்பீக்கர் ரெண்டையும் பேரலல்ல முறுக்கி வச்சிருக்கான். ரெண்டு ஓம்ல நிக்கிது. இந்த செட்டு நாலுக்குக் கீழ தாங்காது. அம்புட்டுக் கரண்டையும் இழுத்துச் சூடேறிரும், பாட்டும் கரகரங்கும். படிச்சுப் படிச்சுச் சொன்னேன். 'பாய், சத்தம் பத்தல, ரோட்டுல ஒருத்தனும் திரும்பிப் பாக்க மாட்டேங்கிறான்'னுட்டுப் போயிட்டான்."

நான் ஸ்பீக்கர்களை அளந்தேன். தனித்தனியே 3.4 காட்டியது. நாலு ஓம் ஸ்பீக்கர் மீட்டரில் அப்படித்தான் காட்டும். இரண்டையும் சீரிஸில் இணைத்தால் எட்டு ஓம் வரும், செட்டும் தாங்கும், பாட்டும் சுத்தமாக இருக்கும் என்று சொன்னேன்.

"நீங்கள்லாம் லைப்ரரியில உக்கார வேண்டிய ஆளுண்ணே."

"அங்கதான் உக்காந்திருக்கேன்."

அவர் சிரித்தார். நானும் சிரித்திருக்க வேண்டும், நினைவில்லை.

புது ஒயர் போட்டு சீரிஸில் இணைத்தோம். யானைக்கல் பாலத்தில் வரும்போது பாடுகிறவர் மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. வீட்டில் அடுப்பு பற்றியிருக்கவில்லை. அம்மா முற்றத்தில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

"எப்ப வந்த?"

"பாட்டுப் போட்டுட்டுத்தானம்மா வந்தேன்."

"கேட்டுச்சு. யாரோ தெருவுல போறாங்கன்னு நெனச்சேன்."

தவறைச் சரியாகத் திருத்தியிருந்தேன். அந்தத் தவறுதான் அவன் சத்தம் என்பது எந்தப் புத்தகத்திலும் இல்லை. அதற்காக வருத்தப்பட வேண்டும் என்று தெரிந்தது. வருத்தம் வரவில்லை. மோர்ச்சோறு சாப்பிட்டுப் படுத்தேன்.

திங்கட்கிழமை மறுபடி பாய் கடை.

"பழையபடி மாத்திக் குடுங்க."

"செட்டு போயிரும்ணே. உங்களுக்குத் தெரியாததா?"

காரணத்தைச் சொன்னேன். அவர் எழுந்து பின்னால் போய் டப்பாக்களைக் குடைந்து ஒரு சுவிட்சைக் கொண்டுவந்தார்.

"இப்பிடித் தட்டுனா எட்டு ஓம், அப்பிடித் தட்டுனா ரெண்டு. ரோட்டுல எட்டுல வாங்க. தெரு முனையிலருந்து வீடு வரைக்கும் ரெண்டுல போங்க. அம்புட்டு நேரத்துல பெருசாச் சூடாகாது. ஆனாலும் செட்டு தளந்து கெடக்கு. எத்தன நாளைக்குன்னு என்னால சொல்ல முடியாது."

அன்றைக்கு மாவு மில் முனையில் வண்டியை நிறுத்திச் சத்தத்தை முழுசாக வைத்துச் சுவிட்சைத் தட்டினேன். கரகரப்பு வந்தது. மில்காரர் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார். கால் கழுவி உள்ளே போனபோது கல் சூடேறியிருந்தது. முதல் தோசையை என் தட்டில் போட்டுவிட்டு அம்மா வாசலைப் பார்த்தபடி நின்றாள். பிறகு அவளும் ஒரு தட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். 'அம்மா: ஒன்றரை தோசை' என்று டைரியில் இருக்கிறது.

ஆவணியில் இரண்டு. புரட்டாசியில் சில நாள் மூன்று. தினமும் முனையில் நின்று தட்டினேன். ஒரு வேலையாகத்தான் செய்தேன். அம்மாவிடம் சுவிட்சைப் பற்றிப் பேசியதில்லை.

ஐப்பசியில் ஒரு மழை நாள். முனையில் சுவிட்சைத் தட்டியதும் 'பட்' என்றது, கருகிய வாடை, பிறகு ஒன்றுமில்லை. வண்டியை மெதுவாக ஓட்டி வந்து நிறுத்தினேன். அம்மா அடுப்படியில் லைட்டரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். அடுப்பு பற்றவில்லை.

"பொட்டி நின்னு போச்சா?"

"ஆமாம்மா."

"மில்லு முனையில சுவிட்சத் தட்டுவியே, சத்தம் மாறுமே, அப்பவா?"

"ஆமா."

அவள் மாவுச் சட்டியின் மூடியைத் திறந்து பார்த்தாள்.

"மாவு புளிச்சிரும். கால் கழுவிட்டு வா" என்று சொல்லி அடுப்பைப் பற்றவைத்தாள்.